பல மரம் கண்ட தச்சன்

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்று மூத்தவர்கள் சொல்வார்கள். ஒரேயொரு மரம் நின்றிருந்தால் அதை வெட்டி ஒரு கதிரையாவது செய்திருப்பான். காடு முழுக்க மரம் நின்றதால், இதைவிட அது நல்லது, அதைவிட மற்றது நல்லது என்று பார்த்துப் பார்த்தே அவனுக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அந்தத் தச்சன் இன்று வாழ்ந்தால் அவன் கையில் கோடரிக்குப் பதிலாக ஒரு பழைய மடிக்கணினி இருந்திருக்கும். அவன் நிற்கும் காட்டுக்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மாணவியருக்கு இந்தச் சொல் புதிதல்ல. திறந்த மூல மென்பொருளின் அனுகூலங்களைக் கேட்டால் நித்திரையிலும் விடை சொல்வோம். பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும், மூலக் குறிமுறையை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பிரதிகூலங்களும் எமக்குப் பாடம்தான். ஆனால் எந்தக் குறிப்புக் கொப்பியிலும் நான் காணாத பிரதிகூலம் ஒன்று உண்டு. தெரிவுகள் அளவுக்கு மிஞ்சிக் கிடக்கின்றன என்பதே அது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிவு இருப்பது நல்லது. ஆனால் தெரிவு செய்யும் பாரத்தை ஒன்றும் அறியாத ஒருவரின் தலையில் இறக்கிவிட்டு, “உனக்குச் சுதந்திரம் தந்திருக்கிறோம்” என்று சொல்வது நியாயமல்ல.

இது கணினிப் பைத்தியங்களின் பிரச்சினை, எமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஓடுவதற்கு 4 ஜீ.பீ. நினைவகம், 64 ஜீ.பீ. சேமிப்பிடம், இவற்றோடு டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எமது வீடுகளில் உள்ள மடிக்கணினிகள் எப்படிப்பட்டவை என்று எமக்குத் தெரியும். மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தது. காக்கா கெம்பஸ் முடித்துவிட்டுத் தங்கைக்கு விட்டது. பெட்டரி போய், எப்போதும் வயரோடு இருப்பது. அவற்றில் பல இந்த நிபந்தனைகளுக்குள் வராது.

அப்போது எமக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. புதிய மடிக்கணினி வாங்கலாம். விலை இலட்சம் ரூபாவைத் தாண்டும். கடையில் கொடுத்துக் களவுப் பிரதி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்; அது சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் விரோதம், வைரஸும் கூடவே வரலாம். மூன்றாவது வழி லினக்ஸ். காசு வேண்டாம், களவும் வேண்டாம், பழைய இயந்திரத்திலும் ஓடும். மூன்றில் நல்ல வழி இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் எந்த லினக்ஸ்?

இங்கேதான் தச்சன் கோடரியைக் கீழே வைக்கிறான். லினக்ஸ் என்பது உண்மையில் பணிசெயல் முறைமையின் கரு மட்டுமே. அதைச் சுற்றிப் பல மென்பொருள்களைச் சேர்த்து, நிறுவுவதற்கு ஏற்றபடி பொதிகட்டித் தருவதை ‘வழங்கல்’ என்பார்கள். இன்று பயன்பாட்டில் இருக்கும் வழங்கல்கள் மட்டுமே சில நூறு. டெபியன், ஃபெடோரா, உபுண்டு, மின்ட், ஆர்ச் என்று பட்டியல் நீளும். சரி, உபுண்டு என்று முடிவெடுத்தாலும் விடுகிறார்களா? குபுண்டு, சுபுண்டு, லுபுண்டு என்று சகோதரங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ரிஸ்னா, ரிஸ்மியா, ரிஸானா என்று பிள்ளைகளுக்கு ஓசை பார்த்துப் பெயர் வைத்த வீடு மாதிரி. மின்ட் என்று முடிவெடுத்தால் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஈ என்று மூன்று முகப்புகள். ‘சினமன்’ எங்கள் ஊர்க் கறுவாதான். ஆனாலும் மற்ற இரண்டிலிருந்து அது எதில் வேறுபடுகிறது என்று பெயரைப் பார்த்து யாருக்கு விளங்கும்? ஒருவாறு நிறுவிய பிறகு ஒரு மென்பொருளைச் சேர்க்கப் போனால், டெப் கோப்பா, ஸ்னாப்பா, ஃபிளாட்பாக்கா, அப்இமேஜா என்று அடுத்த கேள்வி காத்திருக்கிறது.

தெரிந்தவர் எவரிடமாவது, “உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்றுக்கு எது நல்லது?” என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் தரும் விடை, “அது உங்கள் தேவையைப் பொறுத்தது” என்பதுதான். கேட்பதற்கு மரியாதையான விடை. ஆனால் அதில் ஒரு கொடுமை இருக்கிறது. தன் தேவைக்கு எது பொருந்தும் என்று தெரிந்தவள் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டாளே! காய்ச்சல் என்று போனவளிடம் டொக்டர், “எந்த மருந்து என்பது உங்கள் உடம்பைப் பொறுத்தது, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அலுமாரியைத் திறந்துவிட்டால் எப்படியிருக்கும்?

இத்தனை பிரிவுகள் ஏன் வந்தன? சண்டை பிடித்துப் பிரிந்தார்கள் என்று மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஒரு முழு முறைமையை உருவாக்கப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸ் கருவை எழுதி வெளியிட்டார். திருத்தும் உரிமை எல்லோருக்கும் இருந்தபடியால் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தபடி திருத்தினார்கள். 1993இல் டெபியன் தொடங்கியது. அதிலிருந்து 2004இல் உபுண்டு வந்தது. உபுண்டுவிலிருந்து 2006இல் மின்ட் வந்தது. கேடிஈ என்ற முகப்பு 1996இல் தொடங்கியபோது, அதன் அடிப்படையாக இருந்த ஒரு கருவியின் உரிமம் போதிய அளவு சுதந்திரமானதல்ல என்று சிலர் கருதினார்கள். அதனால் 1997இல் க்னோம் என்ற இன்னொரு முகப்பைத் தொடங்கினார்கள்.

பிரிவதால் நன்மை விளைந்ததும் உண்டு. ஓபன்ஒஃபிஸ் மென்பொருளை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010இல் ஒரக்கிள் நிறுவனம் வாங்கியது. தமது உழைப்பின் எதிர்காலம் என்னவாகுமோ என்று அஞ்சியவர்கள் அதே ஆண்டு பிரிந்துபோய் லிப்ரேஒஃபிஸைத் தொடங்கினார்கள். இன்று பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களோடு கூடவே வருவது அந்த லிப்ரேஒஃபிஸ்தான். பிரியும் உரிமை இல்லாதிருந்தால் பலருடைய பல வருட உழைப்பு ஒரு நிறுவனத்தின் விருப்பத்துக்குள் அடங்கிப்போயிருக்கலாம். ஆகவே “எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் வையுங்கள்” என்று நான் கேட்கவில்லை. அந்த உரிமைதான் திறந்த மூலத்தின் உயிர்.

அப்படியானால் அதிகத் தெரிவு யாருக்குத் துன்பம்? இதற்கு விடை தேடியபோது அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு பற்றி வாசித்தேன். 2000ஆம் ஆண்டில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு கடையில் ஒரு வேளை 24 வகை ஜாமையும் இன்னொரு வேளை 6 வகை ஜாமையும் சுவை பார்க்க வைத்தார்கள். 24 வகை இருந்த மேசையை நோக்கித்தான் அதிகம் பேர் வந்தார்கள். ஆனால் அங்கே நின்றவர்களில் 100க்கு 3 பேர் அளவிலேயே பிறகு வாங்கினார்கள். 6 வகை இருந்தபோது 100க்கு 30 பேர் வாங்கினார்கள். பிற்காலத்தில் இப்படியான பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், எல்லா இடத்திலும் இவ்வாறு நடப்பதில்லை என்று கண்டார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்கு அதிகத் தெரிவு தொல்லையாவதில்லை, தெரியாதவர்தான் திணறுகிறார்.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பிற்பகுதிதான். வீட்டில் கணினி அறிந்த ஒருவர் இருந்தால் நூறு வழங்கல்கள் இருந்தாலென்ன, ஆயிரம் இருந்தாலென்ன? “இதைப் போடு” என்று அவர் சொல்லிவிடுவார். கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளையோ இரண்டு இரவு விழித்திருந்து வாசிக்கிறாள். ஒன்றுக்கொன்று முரணான பத்து ஆலோசனைகளைக் காண்கிறாள். கடைசியில் மடிக்கணினியைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, செயற்றிட்டத்தைப் போனின் சின்னத் திரையில் தட்டத் தொடங்குகிறாள். சுதந்திரம் எல்லோருக்கும் சமமாகத்தான் கொடுக்கப்படுகிறது. அதன் பாரம் மட்டும் வழிகாட்ட ஆளில்லாதவள்மீது அதிகமாக விழுகிறது.

பல இருப்பது எங்கே நல்லது, எங்கே கெட்டது என்று பிரித்தறிய வேண்டும். இதற்குத் தூரத்து உதாரணம் தேவையில்லை, எங்கள் தமிழே போதும். இந்த இதழுக்குக் கட்டுரை தட்டச்சு செய்த எவருக்கும் பாமினியைத் தெரியும். பாமினியில் ‘உம்மா’ என்று அடித்தால் கணினி நினைவில் வைத்திருப்பது உம்மாவை அல்ல. சீ, கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளைத்தான். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டிக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்து வெறும் ஆங்கிலக் குறிகள் சிரிக்கும். பழைய எழுத்துருக்கள் பல, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒழுங்கு வைத்திருந்தன. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் வாசிக்க முடியாது. தேடினால் அகப்படாது, அகர வரிசையில் அடுக்கவும் முடியாது.

யுனிகோட் இதைத் தீர்த்தது எப்படி? 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் ‘உ’ என்றால் உலகம் முழுவதும் ஒரே எண், 2953. கொழும்பில் அடித்தாலும் கனடாவில் திறந்தாலும் அது ‘உ’தான். இதனால் எழுத்துருக்களின் எண்ணிக்கை குறைந்ததா? இல்லை. தடித்தது, மெலிந்தது, வளைந்தது என்று விரும்பிய எழுத்துருவை இப்போது அச்சமின்றிப் போடலாம். அடியில் ஓர் உடன்பாடு இருப்பதால் மேலே எத்தனை வகை இருந்தாலும் ஆபத்தில்லை. கீழே ஒன்று, மேலே பல. நான் கேட்கும் ஒழுங்கு இதுதான்.

கணினிக்கு வெளியேயும் இதே கதைதான். எமது வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். ஒரு பிளக்குக்கு உருண்டை முள், இன்னொன்றுக்குச் சதுர முள், இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு மல்டி பிளக், அதன் மேல் இன்னொன்று. 13 அம்பியர் சதுர முள் பிளக்கே எமது நாட்டின் நியமம் என்று அறிவித்த பிறகும் பழைய வீடுகளில் இந்தக் கோபுரம் இன்னும் இடியவில்லை. போன் சார்ஜர்களும் இப்படித்தான் மேசை லாச்சியை நிறைத்தன. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 டிசெம்பர் 28 முதல் அங்கே விற்கப்படும் புதிய போன்களுக்கு யூ.எஸ்.பி.-சீ துளை கட்டாயம் என்றது. போனின் நிறத்தையும் கெமராவையும் விலையையும் எவரும் ஒன்றாக்கவில்லை. எல்லோரும் வந்து சந்திக்கும் அந்தத் துளையை மட்டும் ஒன்றாக்கினார்கள்.

திறந்த மூலத்தைப் பார்த்து “இலவசம் என்றால் இப்படித்தான் குழப்பமாக இருக்கும்” என்று சிரிப்பவர்களுக்கு எமது நாட்டிலிருந்தே ஒரு பதில் உண்டு. 2004 டிசெம்பர் 26 சுனாமி ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனபோது, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிந்து ஒழுங்குபடுத்த இலங்கைக் கணினித் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து ‘சஹன’ என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதன் பொருள் நிவாரணம். அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அங்கேயும் அது உதவியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதும் அதற்குக் கிடைத்தது. 2020இன் தொடக்கத்தில் கொவிட் பரவத் தொடங்கியபோது, நாட்டுக்குள் வரும் பயணிகளைப் பதிந்து கண்காணிக்க இலங்கை பயன்படுத்திய டீஎச்ஐஎஸ் 2 என்பதும் திறந்த மூலம்தான். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த அதை எமது நாட்டவர் இங்குள்ள தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். பின்னர் வேறு பல நாடுகளும் அந்த வழியில் வந்தன.

இவ்விரண்டிலும் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். முகாமில் பெயர் பதிந்தவரிடமோ விமான நிலையத்தில் பணியாற்றிய சுகாதார உத்தியோகத்தரிடமோ எந்தத் தரவுத்தளம், எந்த உரிமம், எந்த வழங்கல் என்று எவரும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் முன்கூட்டியே தெரிவு செய்து, வேலைக்குத் தயாராகக் கையில் கொடுத்தார்கள். குறிமுறை அப்போதும் திறந்தே இருந்தது.

“அப்படிச் செய்தால் பெரிய நிறுவனங்கள் எம்மீது ஒன்றைத் திணிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்கலாம். வலீமா வீட்டில் சஹன் வைக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். சுற்றி உட்கார்ந்தவர்களிடம் எவரும் பட்டியலை நீட்டி “எது வேண்டும்?” என்று கேட்பதில்லை. சோறும் இறைச்சியும் கறிகளும் அளவறிந்து சமைத்தவரால் ஒழுங்காக வைக்கப்பட்டு வருகின்றன. கத்தரிக்காய் பிடிக்காதவள் அதை ஓரமாக ஒதுக்கிவிடலாம். எவரும் வாயில் திணிப்பதில்லை. எவரும் பசியோடு எழும்புவதுமில்லை. தொடங்க ஒன்றைக் காட்டுவது வேறு, வேறெதுவும் கூடாது என்று பூட்டுவது வேறு.

ஆகவே குறை சொல்வதோடு நில்லாமல் மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, எமது தகவல் தொழினுட்பக் கழகம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு வழங்கலைத் தெரிவு செய்து “இதில் தொடங்குங்கள்” என்று அறிவிக்கட்டும். “தேவையைப் பொறுத்தது” என்று நானும் நழுவாமல் என் தெரிவைச் சொல்கிறேன். பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. குறைந்தது 2 ஜீ.பீ. நினைவகம் வேண்டும், 4 இருந்தால் வசதி. லிப்ரேஒஃபிஸும் எமது பாடத்துக்குத் தேவையான பைதனும் அதிலேயே இருக்கின்றன. நிறுவாமலே பென் ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கவும் முடியும். பிடித்தால் மாத்திரம், கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டு நிறுவலாம். இதைவிட நல்லது இருக்கலாம். இருக்கட்டும்; ஒன்றில் பழகியவளுக்கு மற்றதைத் தேடிப்போவது கடினமல்ல.

இரண்டாவது, அந்த ஒன்றைப் பற்றி இரண்டு பக்கத்தில், படங்களோடு, தமிழில் ஒரு வழிகாட்டி எழுதுவோம். ஆங்கிலத்தில் ஆயிரம் வழிகாட்டிகள் இருக்கின்றன. அந்த ஆயிரமும்தானே பிரச்சினை. வாரத்தில் ஒரு நாள் இடைவேளையில் உயர்தர மாணவிகள் இருவர் கணினி அறையில் இருந்து தங்கைமாரின் சந்தேகங்களைத் தீர்க்கட்டும். வீட்டில் கேட்க ஆளில்லாதவளுக்குப் பாடசாலையிலாவது ஆள் இருக்க வேண்டும்.

மூன்றாவது, இந்த இதழின் ஆசிரியர் குழுவுக்கு. அடுத்த இதழிலிருந்து ஆக்கங்களை யுனிகோட்டில் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பாமினியில் பழகிய விரல்களை மாற்ற வேண்டியதில்லை. ரெங்கநாதன் என்ற சாவிப்பலகை ஒழுங்கைத் தெரிவு செய்தால் பெரும்பாலும் பழகிய சாவிகளிலேயே யுனிகோட்டில் அடிக்கலாம். போனில் ஒலிமுறையில் தட்டுபவளும் தட்டட்டும். எந்த விரலால், எந்தச் சாவியில் அடித்தோம் என்பது அவரவர் விருப்பம். வந்து சேரும் எழுத்து ஒன்றாக இருந்தால் போதும்.

மென்பொருள் எழுதப்போகும் சகோதரிகளும் எம்மிடையே இருக்கிறார்கள். நாளை நீங்கள் ஒன்றை உருவாக்கும்போது நூறு அமைப்புகளை வையுங்கள், நூறு கதவுகளைத் திறந்துவிடுங்கள். ஆனால் முதன்முதலாக வருகிறவளுக்கு “இதால வாங்க” என்று ஒரு கதவைக் காட்ட மறந்துவிடாதீர்கள்.